சுவரில் கோடு போட்டவர்களைக் கேட்டீர்களா?

எண்ணூர் போகும் வழியில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு தெரு. அங்கே ஓட்டு வீடு ஒன்றின் முன்சுவரில் மூன்று கோடுகள் இருக்கின்றன. முழங்கால் உயரத்தில் ஒன்று, பக்கத்தில் 2021. இடுப்புக்கு மேலே ஒன்று, அது 2015. இந்த இரண்டையும் செங்கல் துண்டால் கிழித்தவர் அந்த வீட்டு அம்மா. நடுவில் இருக்கும் மூன்றாவது கோட்டை யாரும் கிழிக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், வடியும்போது தானே போட்டுவிட்டுப் போன கறுப்புக் கோடு அது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த அம்மா கோடுகளை விட்டுவிட்டு அடிக்கிறார்.

"2015-ல தண்ணி ஆத்துப் பக்கமிருந்து வந்துச்சு. 2021-ல ரோட்டுக் கால்வாயே எதுத்துக்கினு வந்துச்சு. ரெண்டும் வேற வேற தண்ணி" என்கிறார். எந்த மூலையிலிருந்து முதலில் ஏறியது, எந்த வீட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள், எத்தனையாவது நாள் வடிந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்தச் சுவரை வந்து யாராவது அளந்தார்களா என்று கேட்டோம். "ஃபோட்டோ எடுத்தாங்க. ஆறாயிரம் ரூபாய்க்கு டோக்கன் குடுத்தாங்க. ஒரு வார்த்தை கேக்கல."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல்தான் இந்த மாநகரம் தனக்கென்று ஒரு காலநிலைத் திட்டம் எழுதி முடித்திருக்கிறது. அதைத்தான் கண்டிக்கிறோம்.

சென்னைக் காலநிலைச் செயல் திட்டத்தின் வரைவு 2022 செப்டம்பரில் மாநகராட்சியின் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. பன்னாட்டு நகரங்களின் கூட்டமைப்பான சி40-யின் துணையோடு தயாரானது. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், எளிதில் பாதிக்கப்படும் மக்களும் அவர்கள் உடல்நலமும் என்று ஆறு துறைகளை அது எடுத்துக்கொண்டது. 2050-க்குள் கார்பன் சமநிலை என்று இலக்கு வைத்தது. பணி பெரிது, அதைச் செய்ய முன்வந்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரைவு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. செப்டம்பர் 26-க்குள் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழைத் தவிர வேறு மொழி தெரியாத லட்சக்கணக்கான மக்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டு, அந்த மக்கள் படிக்கவே முடியாத மொழியில் அதை வைத்து, கையில் குறுகிய அவகாசத்தையும் கொடுத்து, கருத்துக் கேட்டோம் என்று கணக்கு எழுத முனைந்தார்கள்.

எதிர்ப்பு எழுந்தது. பிறகு தமிழாக்கம் வந்தது, கெடுவும் நீண்டது. "தமிழில்தான் கொடுத்துவிட்டோமே" என்பது இன்றுவரை சொல்லப்படும் பதில். அந்தப் பதிலே நோயைக் காட்டுகிறது. கடைசியில் மொழிபெயர்த்துக் கொடுப்பதைப் பங்கேற்பு என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை வேய்ந்த பிறகு, குடியிருக்கப் போகிறவரைக் கூப்பிட்டு, பெயின்ட் என்ன நிறத்தில் அடிக்கலாம் என்று கேட்பதற்குப் பெயர் கலந்தாலோசனையா?

அந்த வரைவில் இருந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் கடல் 7 சென்டிமீட்டர் உயரலாம், கரையில் 100 மீட்டர் வரை மூழ்கலாம் என்று அது சொன்னது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் அந்த நூறு மீட்டருக்குள்தான் வலை காய்கிறது, கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏறி நிற்கின்றன, மீன் விற்கிறது, பலருக்கு வீடே அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட சேதியைச் சொல்ல ஓர் அதிகாரி குப்பத்துக்குப் போய், ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, வரைபடத்தை விரித்து, "இப்படி ஆகும் போலிருக்கிறது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டிருக்க வேண்டாமா? வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் அவர்கள். எந்தத் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு எந்தக் குப்பத்தின் மணல் போனது என்று தேதியோடு சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்குச் சேதி போனது நாளிதழ் வழியாக, அதுவும் அச்சுறுத்தும் தலைப்பாக.

வழி இல்லாமல் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. வழியைச் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகப் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 இனங்களைப் பட்டியல் போட்டது. நகரத் திட்டமிடல் அதில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு 2010-இல் பகுதி சபைகளுக்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. விதிகள் எழுத 2022 வரை ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள்! இடையில் 2016 முதல் 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தை எப்படித் திருத்துவது என்று முடிவெடுத்த அந்த ஆண்டுகளில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளே ஆண்டார்கள். இதை ஆண்ட கட்சி, ஆளாத கட்சி என்று பிரித்துப் பழி போட நமக்கு விருப்பமில்லை. இரு தரப்பு ஆட்சிகளும் இந்தத் தாமதத்தில் பங்காளிகள்.

2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் முதலமைச்சரே ஒரு பகுதி சபையில் வந்து உட்கார்ந்தார். கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று வந்துவிட்டது என்று நாமும் மகிழ்ந்தோம். அதன் பிறகு நடந்தது என்ன? ஒரு வார்டில் நடந்த கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தோம். மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. வந்தவர்கள் முப்பது பேருக்குள். அதில் பாதிப்பேர் கவுன்சிலரோடு வந்தவர்கள். கையெழுத்து நோட்டு முதலில் சுற்றி வந்தது. தெருவிளக்கு, குடிநீரில் கழிவுநீர் கலப்பு, மழைநீர் வடிகாலுக்கு மூடி இல்லை என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். உதவிப் பொறியாளர் நோட்டில் குறித்துக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் டீயோடு முடிந்தது. அந்த வார்டு எந்த மழைக்கு எவ்வளவு மூழ்கும் என்று மாநகராட்சியிடம் வரைபடம் இருக்கிறது. அது அந்த அறைக்கு வரவில்லை. காலநிலைத் திட்டம் என்ற சொல்லே எழவில்லை. மக்கள் எழுப்பவில்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இந்தச் சபைகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதும் இல்லை, நியமிக்கப்படுகிறார்கள். கட்சிக்காரருக்கு ஒரு பதவி என்ற அளவில் பல இடங்களில் அது நின்றுபோனது. கேட்பதற்கு ஆள் வைத்து, கேட்காத ஆளாகப் பார்த்து வைத்தால் சபை எதற்கு?

இன்னொரு பக்கம், கவுன்சிலரைப் பிடித்து உலுக்கினாலும் கிடைப்பது குறைவுதான். நிலம் எப்படிப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்வது பெருநகர வளர்ச்சிக் குழுமம். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். பஸ் போக்குவரத்துக் கழகத்திடம். மின்சாரம் மின்வாரியத்திடம். குடிசைப் பகுதி மக்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். எல்லாம் மாநில அரசின் கையில். மாநகராட்சி எழுதிய காலநிலைத் திட்டத்தின் பெரும்பகுதியை நிறைவேற்றும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. மக்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டால் மண்டல அலுவலகம் என்கிறார்கள், அங்கே போனால் அது நாங்கள் இல்லை, நீர்வளத் துறை என்கிறார்கள். இந்த அலைக்கழிப்பில் ஓர் ஏழைத் தொழிலாளி இரண்டு நாள் கூலியை இழக்கிறார். மூன்றாவது நாள் அவர் வரமாட்டார். வராததைப் பார்த்து, "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள்.

கேட்காமல் செய்ததன் பலன் ஏட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. பெரும்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ள ஆபத்து என்று சொல்லி, அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. அங்கே என்றால் எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து, தென்சென்னையின் மழையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட நிலம் அது. 2022-இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைக் கொண்டாடினோம். அதே சதுப்பின் விளிம்பில், தண்ணீர் வழக்கமாக வந்து தங்கும் தாழ்வில், எட்டு மாடிக் கட்டடங்களை அடுக்கி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று மக்களை ஏற்றினார்கள். அடுத்து வந்த மழைகளில் அங்கும் தண்ணீர். மின்சாரம் போய் லிஃப்ட் நின்று, கர்ப்பிணிகளும் முதியவர்களும் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். சுனாமிக்குப் பிறகு மக்களைக் கொண்டுபோன செம்மஞ்சேரியிலும் இதே கதைதான் வருடம் தவறாமல் நடக்கிறது. வேலை இருந்த நகரம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். காலநிலையின் பெயரால் ஒருமுறை வீட்டை இழந்தவர்கள், அதே காலநிலையால் இரண்டாவது முறை மூழ்குகிறார்கள். நகர்த்துவதற்கு முன் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அந்தச் சதுப்பை யாராவது சுட்டிக்காட்டியிருப்பார்களா?

கேட்காவிட்டாலும் வலியச் சொன்னவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் வடிநிலத் திட்டத்தின் கீழ் ஜெர்மன் வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் போட மாநகராட்சி வந்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் தடுத்தார்கள். "இது மணல் பூமி. பெய்த மழை நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். கான்கிரீட் வடிகால் போட்டால் எங்கள் கிணற்று நீரைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்" என்றார்கள். மண்வெட்டியால் ஒரு குழி தோண்டினால் எவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய உண்மை இது. இதைச் சொல்ல அவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. வழக்கறிஞரும் வசதியும் இருந்த பகுதி அது, அதனால் போனார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இருப்பவர்கள் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள்?

கொடுங்கையூரிலும் இப்படித்தான். பல தலைமுறையாக ஊர்க் குப்பையை எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாங்கிய வடசென்னை மக்கள், அங்கே குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கடற்கரை மண்டல வரைபடங்களுக்கு 2023 ஆகஸ்டில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியபோது, மீனவர்கள் வரைபடத்தில் தங்கள் ஊரையும் படகுத் துறையையும் தேடிப் பார்த்து, காணவில்லை என்று கொதித்தார்கள். மீனவர்களின் நெடுங்கால வீட்டுவசதித் திட்டத்தை வரைபடத்தோடு சேர்க்க வேண்டும் என்று கடற்கரை ஒழுங்காற்று விதியே சொல்கிறது. அது எங்கே என்ற கேள்விக்கு மேடையில் விடை இல்லை. கூட்டம் நடந்ததாக மட்டும் பதிவாயிற்று.

மக்களுக்கு அறிவியல் தெரியாது, கேட்டால் காலதாமதம் ஆகும் என்று கோப்புகளுக்குள் பேசிக்கொள்வதை நாம் அறிவோம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. 2006-லேயே தன் சேமிப்பில் 40 லட்சம் போட்டு, மீதி 1 கோடியே 15 லட்சத்துக்கு வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவிக்கொண்டது. ஊருக்கு வேண்டிய மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றது. நகரத்துப் பொறியாளர்கள் கார்பன் சமநிலை என்ற சொல்லைப் பழகுவதற்கு முன்பே ஒரு கிராமம் செய்து காட்டியது. மலைக்கு அந்தப் பக்கம், வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016-இல் கார்பன் சமநிலைக்கான வேலையை எடுத்தபோது, எவ்வளவு கரியமிலவாயு வெளியாகிறது என்று ஊர் முழுக்கக் கணக்கெடுத்தே தொடங்கியது. மரம் நட்டு வெட்டாமல் காக்கும் விவசாயிக்கு மரத்தை ஈடாக வைத்து மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் என்ற மர வங்கியை அமைத்தது. கேரளத்தில் 1996-லேயே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த அடித்தளம் அங்கே இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு வந்த அறிவு சென்னைவாசிக்கு மட்டும் வராதா?

தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக்கு ஒரு குழு போடப்பட்டது. 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. டிசம்பரில் மிக்ஜாம் வந்து நகரம் மூழ்கியபோது அந்த அறிக்கை எந்தக் குடிமகன் கையிலும் இல்லை. அதில் என்ன சொல்லியிருந்தது, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வேளச்சேரிக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்? மக்களைக் கேட்டதால் நேர்ந்த தாமதமா இது?

பணம் என்று வரும்போது மட்டும் பங்கேற்பு நினைவுக்கு வருகிறது. "நமக்கு நாமே" திட்டத்தில் பூங்காவுக்கும் குளத்துக்கும் மக்கள் தங்கள் பங்குத் தொகையைக் கட்டினால்தான் வேலை தொடங்கும். கட்டுகிறார்கள், மனமுவந்தே கட்டுகிறார்கள். பங்குத் தொகை வாங்கத் தெரிந்த அரசுக்குப் பங்கு கொடுக்கத் தெரியவில்லை.

திருத்திக்கொள்ளுங்கள். காலநிலைத் திட்டத்தை முடிந்த ஆவணமாக அலமாரியில் வைக்காமல், 200 வார்டுகளுக்கும் தனித்தனியே பிரித்துத் திறக்க வேண்டும். அந்தந்த வார்டின் வெள்ளம், வெயில், கடல் ஏற்றம் பற்றிய வரைபடம், தெருப் பெயர்களோடு, தமிழில், ரேஷன் கடையிலும் பள்ளிச் சுவரிலும் வார்டு அலுவலகத்திலும் மாட்டப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பகுதி சபையும் இதற்கென்றே ஒருமுறை கூட வேண்டும். நீர்வளத் துறை, குடிநீர் வாரியம், மின்வாரியம், வாழ்விட வாரியம் ஆகியவற்றின் பொறியாளர்கள் அங்கே வந்து உட்கார வேண்டும். பிரதிநிதியை அனுப்பினோம் என்ற சாக்கு வேண்டாம். மீனவக் குப்பங்களில் படகு கரையேறிய பிறகும், மறுகுடியேற்றக் குடியிருப்புகளில் வேலை முடிந்து திரும்பும் இரவு நேரத்திலும், தூய்மைப் பணியாளர்களுக்கு அவர்கள் ஷிஃப்ட் முடிந்த பிறகும் கூட்டம் போட வேண்டும். அலுவலகத்துக்கு வசதியான பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வதை இனி ஏற்பதற்கில்லை.

வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஏற்றால் எந்த மாதத்தில் வேலை, ஏற்காவிட்டால் ஏன் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மழைநீர் வடிகால் போடும் ஒப்பந்தக்காரரின் வரைபடமும் மட்டக் கணக்கும் தெருமுனையில் இருக்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெருக்காரர்கள் சரிபார்த்து, பகுதி சபை கையெழுத்துப் போடும்வரை பில் பாஸ் ஆகக் கூடாது. பகுதி சபைப் பிரதிநிதிகளை நியமிப்பதை விட்டு, அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும்படி விதிகளை மாற்றுங்கள். வார்டுக்கு என்று ஒரு தொகையைக் காலநிலைப் பணிக்குத் தனியே ஒதுக்கி, அதை நிழல் மரத்துக்குச் செலவிடுவதா, குளத்தைத் தூர்வாருவதா, பள்ளிக் கூரைக்கு வெப்பம் தாங்கும் வெள்ளைப் பூச்சா என்று அவர்களே முடிவு செய்யட்டும். திருப்புகழ் குழுவின் அறிக்கையை, ஒரு பக்கமும் விடாமல், நடவடிக்கை அறிக்கையோடு தமிழில் வெளியிடுங்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மக்களை இன்னொரு முறை எங்காவது நகர்த்துவதாக இருந்தால், அந்தக் குடியிருப்பின் சபை ஒப்பாமல் ஒரு குடும்பத்தின் பாத்திரம்கூட நகரக் கூடாது.

எண்ணூர் வழியில் இருக்கும் அந்த வீட்டுக்கு மாநகராட்சியின் மட்டக் கருவியோடு ஒரு பொறியாளர் போய் வர ஒரு மணி நேரம் போதும். தை பிறந்தால் முழுச் சுவருக்கும் எமல்ஷன் பெயின்ட் அடித்துவிடுவதாக அந்த அம்மாவின் மகன் சொல்கிறார். அதற்குள் போய் அந்த மூன்று கோடுகளையும் அளந்து, உங்கள் வரைபடத்தில் ஏற்றி, சரியாக ஏற்றியிருக்கிறீர்களா என்று அந்த அம்மாவிடமே காட்டிக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.